கைவிட்ட பிறகு கூடிய மதிப்பு: அமெரிக்கக் கன்வெர்டிபிள் கார்களின் வரலாறு

கூரையை மடக்கித் திறக்கக்கூடிய பழைய அமெரிக்கக் கன்வெர்டிபிள் கார்களுக்கு இன்று இருக்கும் மவுசுக்குக் காரணம் கேட்டால், 1950களின் செழிப்பு, வால் துடுப்பு வைத்த காடிலாக், ஹாலிவுட் என்று பதில் வரும். இந்த விளக்கம் போதாது. அதே ஆண்டுகளில், அதே ஆலைகளில், அதே துடுப்புகளோடு நான்கு கதவு செடான்களும் வெளிவந்தன. ஆனால் இன்றைய ஏலங்களில் அவை கன்வெர்டிபிளின் விலையை எட்டிப் பிடிப்பதில்லை. இவ்வகைக் காரின் கவர்ச்சி அது நன்றாக விற்ற காலத்தில் உருவானதல்ல, உற்பத்தியாளர்கள் அதைக் கைவிட்ட காலத்தில் உருவானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் திறந்த கார் யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்த பொருளாக இருக்கவில்லை. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே மூடிய உடல் கொண்டவை. மழைக்கும் பனிக்கும் அஞ்சாமல் செல்லும் மூடிய கார் பணக்காரர்களுக்கு உரியதாக இருந்தது. ஹட்சன் நிறுவனத்தின் எசெக்ஸ் கோச் இந்த நிலையை மாற்றியது. எளிய பெட்டி வடிவம், இரண்டே கதவுகள், ஆண்டுதோறும் குறைந்துவந்த விலை. 1925க்குள் மூடிய எசெக்ஸ், திறந்த எசெக்ஸைவிட மலிவாகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் தரும் கணக்கின்படி 1927இல் மூடிய கார்களின் பங்கு 85 விழுக்காடு. எட்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அதுவரை வேறு வழியின்றி வாங்கப்பட்ட திறந்த கார், அதன்பின் வெயிலையும் காற்றையும் வேண்டிக் கேட்டுக் கூடுதல் காசு கொடுப்பவருக்கானதாயிற்று. கன்வெர்டிபிளின் உண்மையான பிறப்பு இதுதான் என்பேன்.

கூடுதல் காசுக்குக் காரணம் கட்டுமானத்தில் இருக்கிறது. கூரை வெறும் நிழல் அல்ல, காரின் உடலை முறுகாமல் பிடித்து வைக்கும் உறுப்பு. அதை எடுத்துவிட்டால் மேடுபள்ளத்தில் கண்ணாடிச் சட்டமும் ஸ்டியரிங்கும் அதிரும், கதவு சரியாகப் பொருந்தாது. ஆகவே சேஸியின் நடுவே எக்ஸ் வடிவில் இரும்புச் சட்டம் வைத்தார்கள், கதவுக்குக் கீழுள்ள விளிம்புப் பகுதிக்குத் தடித்த தகடு சேர்த்தார்கள். கூரை இல்லாத கார், கூரை உள்ள காரைவிடக் கனமானது இப்படித்தான். துணிக்கூரையைத் தூக்கி மடக்கும் வேலையையும் மெல்ல மெல்ல இயந்திரமே ஏற்றது. 1939இல் பிளிமவுத் விசையால் இயங்கும் கூரையைப் பெருந்திரள் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. பின்னர் ஹைட்ராலிக் முறை பரவியது. தொடக்கத்தில் அதற்குப் பிரேக் ஆயிலே ஊற்றப்பட்டது. குழாய் கசிந்தால் பெயின்ட் உரிந்துவிடும். பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி வெயிலில் மஞ்சளிக்கும். குளிரில் விறைத்திருக்கும்போது மடக்கினால் விரிசல் விடும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் உச்சம் 1957இல் ஃபோர்டு கொண்டுவந்த ஃபேர்லேன் 500 ஸ்கைலைனர். டிக்கி மூடி பின்னோக்கித் திறக்கும். இரும்புக் கூரை முழுதாக எழும்பும், அதன் முன்விளிம்பு உள்நோக்கி மடங்கும், அப்படியே பின்னால் போய் டிக்கிக்குள் இறங்கும். இத்தனைக்கும் ஏழு மின்மோட்டார்கள், 600 அடிக்கு மேல் ஒயர். கூரை உள்ளே போனபின் பெட்டி படுக்கைக்கு மிஞ்சியது நடுவே ஒரு சிறு தொட்டி மட்டும். 1959 வரை மூன்றாண்டுகளில் 48,394 கார்கள் செய்தபின் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது.

1960களின் நடுப்பகுதியே விற்பனையின் சிகரம். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான ஃபோர்டின் மஸ்டாங், சாதாரணச் சம்பளக்காரரின் கைக்கும் கன்வெர்டிபிளை எட்டவைத்தது. 1965இல் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து 5 லட்சம் கன்வெர்டிபிள்கள் அளவுக்கு விற்றன. பத்தாண்டுக்குள் அந்த எண்ணிக்கை சில பத்தாயிரங்களாகச் சுருங்கியது. அமெரிக்கன் மோட்டார்ஸ் 1968இலும், கிரைஸ்லர் 1971இலும், ஃபோர்டு 1973இலும் விலகின.

அரசு தடை போட்டதால் கன்வெர்டிபிள் அழிந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1966ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்து, கார் கவிழ்ந்தாலும் பயணிகளைக் காக்க வேண்டும் என்ற விதி முன்மொழியப்பட்டது உண்மை. ஆனால் கிரைஸ்லர் தொடுத்த வழக்கில் 1972இல், கன்வெர்டிபிளையே ஒழித்துவிடும் விதிக்கு அச்சட்டம் இடம் தரவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. 1973இல் நடப்புக்கு வந்த கூரை வலிமை விதியும் கன்வெர்டிபிளுக்கு விலக்கு அளித்தது. கொன்றது சட்டமல்ல. 1969இல் விற்ற புதிய கார்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஏசி இருந்தது. 1956இல் தொடங்கிய மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் மணிக்கு 70 மைல் வேகத்தில் கூரையின்றிப் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. வாங்குவோர் விலகினார்கள், வரப்போகும் விதிகளுக்கு அஞ்சிய நிறுவனங்கள் புதிய வடிவமைப்பில் பணம் போடவில்லை.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1976இல் மிஞ்சியிருந்தது காடிலாக் எல்டொராடோ ஒன்றுதான். கடைசி அமெரிக்கக் கன்வெர்டிபிள் என்றே அதை விளம்பரம் செய்தார்கள். ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட் ஆலையில் கடைசிக் கார் வெளிவந்தது. இறுதி 200 கார்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி: வெள்ளை உடல், வெள்ளைக் கூரை, வெள்ளைத் தோல் இருக்கை. அவ்வாண்டு செய்த 14,000 கார்களும் விற்றுத் தீர்ந்தன. பட்டியல் விலைக்கு மேல் கொடுத்து வாங்கி, ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தி வைத்தவர்கள் உண்டு. போக்குவரத்துக்கான வண்டி பாதுகாக்கும் பொருளாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த முதலீட்டாளர்கள் ஏமாந்தார்கள். கிரைஸ்லரின் லீ அயகோக்கா ஒரு லெபாரன் காரின் கூரையை நீக்கச் செய்து, தானே ஓட்டிப் போய்ப் பார்ப்போர் முகத்தைக் கவனித்தார்; 1982இல் அந்தக் கார் சந்தைக்கு வந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விற்றது. 1984இல் காடிலாக்கே எல்டொராடோ கன்வெர்டிபிளை மீண்டும் வெளியிட்டபோது, 1976 கார்களை வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை. ஆனால் இந்த மறுவருகை பழைய கார்களின் கவர்ச்சியைக் குறைக்கவில்லை. புதியவை சிறிய எஞ்சினோடு அடக்கமாக வந்ததால், பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினும் நீண்ட பானெட்டும் கொண்ட பழையவை தனி இனமாகவே நின்றன.

விற்காமல் போனதே விலையைத் தீர்மானிக்கும் என்பதற்கு 1971 பிளிமவுத் ஹெமி குடா கன்வெர்டிபிள் உறுதியான சான்று. அக்காலத்தில் அதன் விலையையும் இன்சூரன்ஸ் கட்டணத்தையும் கண்டு ஆட்கள் ஒதுங்கினார்கள். செய்யப்பட்டவை 11 மட்டுமே. 2014இல் அவற்றுள் ஒன்று சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. இத்தகைய விலைகள் போலிகளையும் பிறப்பித்திருக்கின்றன. ஹவானாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் 1950களின் கன்வெர்டிபிள்கள் பல, பின்னாளில் கூரை அறுக்கப்பட்ட சாதாரணக் கார்களே. அங்கே அது பிழைப்புக்கான வழி, அதில் குறை காண ஒன்றுமில்லை. அமெரிக்கச் சந்தையிலோ அதே வேலை மோசடியாகிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பெயின்டையும் குரோமையும் பார்ப்பதற்கு முன் காருக்கு அடியில் படுத்து, ஆலை வைத்த எக்ஸ் சட்டமும் விளிம்புத் தகடும் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பிறகுதான் உடல் எண் தகட்டில் உள்ள குறியீட்டைப் படிக்கிறார்கள்.