முதல் பத்து மணித்தியாலம்: பாஸ் படகும் போர் ஸ்ட்ரோக் எஞ்சினும்

அமெரிக்காவில் ஒருத்தர் புதுசாக ஒரு பாஸ் படகு வாங்கி, அதன் பின்பக்கத்தில் 250 குதிரைவலு யமஹா போர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் பூட்டியிருக்கிறார் எண்டு வைப்பம். பறக்கத்தான் வாங்கினவர். ஆனால் கையேடு அவரை இழுத்துப் பிடிக்கிறது. முதல் மணித்தியாலம் நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் ஓட்டு, அடுத்த மணித்தியாலம் 3000 அளவில், மிச்ச எட்டு மணித்தியாலமும் முழு வேகத்தில் ஒரேயடியாக ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதே. புது மோட்டார் சைக்கிள் எடுத்த ஆக்களுக்கு இந்த ‘ரன்னிங் இன்’ கதை தெரியும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உரசி ஒன்றோடு ஒன்று பொருந்துவதற்கான காலம் அது.

அந்தப் பத்து மணித்தியாலம் அந்த மனிசனுக்கு ஏன் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று விளங்க, அவருடைய படகு வந்த வழியைப் பார்க்க வேணும்.

பாஸ் என்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். இதைப் பிடிப்பதற்கென்றே செய்த முதல் படகாகப் பலரும் சொல்வது, 1948இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் செய்த ‘ஸ்கீற்றர்’. ஆனால் வேகப் பைத்தியம் பிடித்தது அதற்குப் பிறகுதான். 1967 ஜூனில் ரே ஸ்கொட் என்ற காப்புறுதி விற்பனையாளர் ஆர்க்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைச் சேர்த்து ஒரு தூண்டில் போட்டி வைத்தார். அடுத்த வருசம் ‘பாஸ்’ என்ற பெயரிலேயே தூண்டில்காரர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதே 1968இல் ஃபொரஸ்ட் வுட் ‘ரேஞ்சர்’ படகுகளைக் கட்டத் தொடங்கினார். போட்டி என்றால் நேரக்கணக்கு. இடத்துக்கு ஓடிப்போக எடுக்கிற ஒவ்வொரு நிமிடமும் தூண்டில் போடாத நிமிடம். அதனால் மீன்பிடிப் படகு ஓட்டப்பந்தயப் படகு மாதிரி மாறிப்போனது.

அந்த ஓட்டத்தைக் கொடுத்தது டூ ஸ்ட்ரோக். 1909இல் நோர்வேயிலிருந்து வந்து குடியேறிய ஓலே எவின்ரூட் மில்வோக்கியில் விற்கத் தொடங்கிய ஒன்றரைக் குதிரைவலு எஞ்சினிலிருந்து, வெளியிணைப்பு இயந்திரம் என்றாலே பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்தான். உதிரிப்பாகம் குறைவு, பாரம் குறைவு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. முறுக்கினால் உடனே பாயும். ஆனால் அதில் புதுப் பெற்றோல் உள்ளே வருகிற நேரத்தில் புகை போகிற வாசலும் திறந்தே இருக்கும். பழைய காபரேற்றர் எஞ்சின்களில் காற்பங்கோ அதற்கு மேலோ பெற்றோல் எரியாமலே வெளியே போகும், கூடவே ஒயிலும். எங்கட ஊர்ப் பழைய ஓட்டோக்களின் நீலப்புகை ஞாபகம் இருக்கிறவைக்கு இதை விளக்கத் தேவையில்லை. படகில் அந்தப் புகைவாசல் தண்ணிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கேதான் எங்களுக்கு இந்த வரலாறு சுவாரசியமாகிறது. அதே ரே ஸ்கொட் 1970இல் அலபாமாவின் நீர்நிலைகளை அழுக்காக்கியதாக இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டவர். தொழிற்சாலைக் குழாய் கண்ணில் பட்டது. படகின் பின்னால் மிதந்த எண்ணெய்ப் படலம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. இதைப் போலித்தனம் எண்டு சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது அவசரத் தீர்ப்பு. மாற்றாக எடுக்க நல்ல எஞ்சின் அப்போது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஹொண்டா 1964இலேயே போர் ஸ்ட்ரோக் படகு எஞ்சின் விற்றது உண்மை, ஆனால் அது சின்னது.

கடைசியில் சட்டம்தான் தள்ளியது. 1996இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் ஒரு விதி போட்டது: 1998 தொடங்கி 2006க்குள் புது எஞ்சின்களின் ஹைட்ரோகாபன் வெளியேற்றம் 75 வீதம் குறைய வேணும். 1999இல் டாஹோ ஏரி காபரேற்றர் டூ ஸ்ட்ரோக்கைத் தடை செய்தது. தூண்டில்காரர் முணுமுணுத்தார்கள்: போர் ஸ்ட்ரோக் பாரம், நின்ற இடத்திலிருந்து எழும்பப் பிந்தும். அன்றைக்கு அது பொய்யும் இல்லை. 2004இல் மேர்க்குரியின் ‘வெராடோ’, பிறகு 2010 வாக்கில் பாஸ் படகை மனதில் வைத்தே யமஹா செய்த இலகுவான போர் ஸ்ட்ரோக் எல்லாம் வந்த பிறகுதான் முணுமுணுப்பு அடங்கியது.

எஞ்சின் மாறினாலும் கை மாற நேரம் எடுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் வளர்ந்தவர் பெற்றோலுக்குள் ஒயில் ஊற்றிப் பழகினவர். இதில் ஒயில் எஞ்சினுக்குள் தனியே இருக்கிறது, எஞ்சினை நிமிர்த்தி வைத்துக் கோல் விட்டு அளவு பார்க்க வேணும். 20 மணித்தியாலத்தில் முதல் ஒயில் மாற்றம், பிறகு 100க்கு ஒரு தரம். ஸ்டார்ட் பண்ணின உடனே பின்பக்கத் துவாரத்தால் குளிர்விக்கும் தண்ணி பீச்சுதா எண்டு பார்க்கிறது மட்டும் பழைய பழக்கம். இன்னொரு வினோதமும் உண்டு. ‘மெதுவா’ எண்டதைக் கேட்டு மணிக்கணக்காக எஞ்சினைக் குளிரக் குளிர ஊரவிட்டால், பொருந்தாத ரிங்கைத் தாண்டிப் பெற்றோல் கீழே இறங்கி ஒயில் அளவு கூடிக்கொண்டு போகும். அதனால் வேகத்தை அடிக்கடி கூட்டிக் குறைத்து ஓட்டச் சொல்கிறார்கள். அடக்கி வாசி, ஆனால் தூங்காதே.

எங்கட கரைகளில் இந்தக் கதை வேற மாதிரி. இங்கே சின்னப் படகுகளில் கனக்க ஓடுவது பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற டூ ஸ்ட்ரோக். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனபோது, எரியாமல் கடலுக்குள் போகிற பங்கும் அந்த விலைக்குத்தான் போனது. போர் ஸ்ட்ரோக் எண்ணெயை மிச்சம் பிடிக்கும் எண்டு சொல்வது சுகம். அதுக்கு மண்ணெண்ணெய் இல்ல, பெற்றோல் வேணும். எஞ்சினின் விலை அதுக்கு மேல. அங்கே பொழுதுபோக்குக்காரரும் கொம்பனிகளும் பத்து வருசம் எடுத்து மாறினார்கள். இங்கே அன்றாடம் உழைக்கிறவரிடம் மாறு எண்டு சொல்ல யாருக்கு வாய் வரும்?

அங்கேயும் எல்லோரும் தப்பவில்லை. எவின்ரூட் பெயரை வைத்திருந்த கொம்பனி, டூ ஸ்ட்ரோக்கை விடாமல் நேரடி எரிபொருள் உட்செலுத்தல் போட்டுச் சுத்தமாக்கப் பார்த்தது. அந்த எஞ்சின்கள் பிரச்சினை கொடுத்தன, 2000 டிசம்பரில் கொம்பனி வங்குரோத்தாகி ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பெயரை வாங்கின பொம்பார்டியே அதை மேலும் திருத்தி, உண்மையிலேயே நல்ல டூ ஸ்ட்ரோக் செய்தது. 2020 மே மாதம் அதுவும் நிறுத்தப்பட்டது.