குறுகிய கம்பியும் அகன்ற அலையும்

செல்போன் கோபுரத்தடியில் பூட்டிக் கிடக்கும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது நெடுங்காலம் அதைத் தயாரித்தவர்களுக்கே வெளிச்சம். மாணவர்களும் அதைத் திறந்து பார்க்க வழி செய்த கருவிகளில் முதலிடம் யுஎஸ்ஆர்பிக்குத்தான். எரிக் பிளாசம் 2001இல் தொடங்கிய க்னு ரேடியோ என்ற கட்டற்ற மென்பொருளுக்கு மலிவான ரேடியோ வன்பொருள் தேவைப்பட்டது. அதற்காக மாட் எட்டஸ் வடிவமைத்த பெட்டி இது. 2004இல் எட்டஸ் ரிசர்ச் நிறுவனமும் பிறந்தது.

யுஎஸ்ஆர்பி பெட்டியின் வேலை அலையை எண்களாக்குவதும் எண்களை அலையாக்குவதும்தான். பண்பேற்றம், பிழைதிருத்தம் எல்லாம் கணினியில் ஓடும் நிரல். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி. இந்தக் கருவியின் வரலாறு பெரும்பாலும் அந்தக் கம்பியின் வரலாறு என்றே சொல்வேன்.

முதல் யுஎஸ்ஆர்பி விநாடிக்கு 6 கோடியே 40 லட்சம் மாதிரிகளை எடுத்தது. யுஎஸ்பி 2.0 கம்பியோ கணினிக்கு ஏறத்தாழ 80 லட்சத்தைத்தான் விட்டது. பெட்டிக்குள் இருந்த எஃப்பிஜிஏ சில்லு மீதியை வடிகட்டிக் குறைத்தது. 200 கிலோஹெர்ட்ஸ் அகலமே உள்ள ஜிஎஸ்எம் செல்போன் அலைக்கு அது தாராளம். ஆகவே டேவிட் பர்ஜஸும் ஹர்விந்த் சம்ராவும் ஓப்பன்பிடிஎஸ் என்ற செல்போன் நிலைய நிரலை எழுதினார்கள். 2008இல் நெவாடா பாலைவனத்தின் பர்னிங் மேன் விழாவில் அந்த நிரலும் இந்தப் பெட்டியும் செல்போன் நிலையமாயின. பெட்டியின் 64 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் ஜிஎஸ்எம்முக்குப் பொருந்தாததால் பலர் அதை எடுத்துவிட்டு 52 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் பொருத்தினார்கள். கைவேலை தெரிந்தவர்களின் காலம் அது.

அகன்ற அலைவரிசைக்கு வந்தபோதுதான் சோதனை. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி எல்டிஇக்கு விநாடிக்கு 3 கோடியே 7 லட்சத்து 20 ஆயிரம் மாதிரிகள் வேண்டும். மாதிரிக்கு 32 பிட் என்றால் ஓர் ஆன்டெனாவுக்கு, ஒரு திசையில் மட்டும், கிட்டத்தட்ட ஒரு ஜிகாபிட். யுஎஸ்பி 2.0 திணறியது. அடுத்த தலைமுறைப் பெட்டிகள் ஜிகாபிட் ஈதர்நெட்டுக்குப் போயின. பி210 என்ற பெட்டி யுஎஸ்பி 3.0ஐப் பிடித்துக்கொண்டு 56 மெகாஹெர்ட்ஸ் வரை அகன்றது. எக்ஸ்310 என்ற பெட்டி பத்து ஜிகாபிட்டை எட்டியது.

ஆனால் கம்பியை அகலமாக்கினால் மட்டும் போதாது, காலமும் நெருக்குகிறது. எல்டிஇயில் ஒரு தொகுதி வந்துசேர்ந்தால் 4 மில்லிவிநாடியில் பதில் போயாக வேண்டும். கணினி கவனமாக ஓடினால் அது முடியும். பிரான்சின் யூரெகாம் நிறுவனத்தில் பிறந்த ஓப்பன்ஏர்இன்டர்ஃபேஸும் அயர்லாந்தில் உருவான எஸ்ஆர்எஸ்ஆர்ஏஎன்னும் ஆகிய மென்பொருள்கள் அதைச் சாதாரணக் கணினியில் செய்துகாட்டின. என்னை மிகவும் வியக்க வைக்கும் சாதனை இதுதான். 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையோ 16 மைக்ரோவிநாடியில் பதில் கேட்கும். யுஎஸ்பியில் போய்வரவே அதைவிட நேரமாகும். அதனால் ஓப்பன்வைஃபை என்ற திட்டம் பதில் சொல்லும் அந்தப் பகுதியைக் கணினியிலிருந்து எடுத்து எஃப்பிஜிஏவுக்குள்ளேயே வைத்தது.

இன்று 5ஜி ஆய்வகங்களில் இந்தப் பெட்டி சாதாரணக் காட்சி. கல்லூரியில் ஒன்று கையில் கிடைத்தால், ஆன்டெனாவை மாட்டும் முன் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் கேபிளாலும் அட்டெனுவேட்டராலும் இணைத்துப் பழகுங்கள். உரிமம் இல்லாமல் மொபைல் அலைவரிசையில் அலைகளை அனுப்புவது சட்டப்படி குற்றம். பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கும் அழைப்பும் அதே அலைவரிசையில்தான் போகிறது.