மேரி, ஸ்காட்லாந்து அரசி

மேரி ஸ்டூவர்ட் (8 டிசம்பர் 1542 – 8 பிப்ரவரி 1587): ஸ்காட்லாந்தை ஆண்ட கத்தோலிக்க அரசி. லின்லித்கோ அரண்மனையில் பிறந்தார். தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் இறந்ததால் பிறந்த ஆறாம் நாளே அரசியானார். பிரான்சில் வளர்ந்து, 1558இல் அந்நாட்டு இளவரசர் பிரான்சிஸை மணந்தார். மன்னராகியிருந்த கணவர் 1560இல் இறக்கவே, மறு ஆண்டு தாயகம் திரும்பினார்.

அதற்குள் ஸ்காட்லாந்து சீர்திருத்தத் திருச்சபையை ஏற்றிருந்தது. மதபோதகர் ஜான் நாக்ஸ் அரசியின் கத்தோலிக்க வழிபாட்டைக் கடுமையாகச் சாடினார். மேரியோ புதிய சமய ஏற்பாட்டைக் குலைக்காமல், தம் வழிபாட்டுரிமையை மட்டும் காத்துக்கொண்டார். தொடக்க ஆண்டுகளில் நாட்டில் ஓரளவு அமைதி நிலவ இந்த நிதானமே துணைநின்றது.

திருமணங்கள் அவரது ஆட்சியைச் சரித்தன. 1565இல் டார்ன்லி பிரபுவை மணந்தார். மறு ஆண்டு, கருவுற்றிருந்த அரசியின் கண்ணெதிரிலேயே அவரது செயலாளர் டேவிட் ரிச்சியோவை டார்ன்லியின் கூட்டாளிகள் தாக்கி இழுத்துச் சென்று கொன்றனர். 1567 பிப்ரவரியில் டார்ன்லி கொலையுண்டார். அக்கொலையில் சந்தேகிக்கப்பட்ட பாத்வெல் பிரபுவை மூன்றே மாதங்களில் மேரி மணந்ததும் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தனர். லாக் லெவன் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட அவர், ஒரு வயது மகன் ஜேம்ஸுக்காக முடிதுறக்க நேர்ந்தது.

1568இல் தப்பி, லாங்சைட் போரில் தோற்று, இங்கிலாந்தில் புகலிடம் தேடினார். ஆங்கில அரியணைக்கும் உரிமை கொண்டவர் என்பதால் அந்நாட்டு அரசி முதலாம் எலிசபெத் அவரைச் சுமார் 19 ஆண்டுகள் காவலில் வைத்தார். எலிசபெத்தைக் கொல்லத் தீட்டப்பட்ட பேபிங்டன் சதியில் உடந்தை எனத் தீர்ப்பாகி, ஃபாதரிங்கே கோட்டையில் தலை வெட்டப்பட்டார். அவர் மகனே 1603இல் எலிசபெத்துக்குப் பின் இங்கிலாந்தின் மன்னரானார்.