எதிர்வீரசிங்கம் பாய்ந்த உயரம்

சாவகச்சேரியில் நான் உடற்கல்வி படிப்பித்த காலத்தில் உயரம் பாய்தலுக்கு மெத்தை கிடையாது. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் பெடியள் மண்வெட்டியோடு இறங்கி மணற்கிடங்கைக் கொத்திக் கிளறுவார்கள். கல்லையும் ஓட்டுத்துண்டையும் பொறுக்கி எறிவார்கள். இரண்டு கம்பம், குறுக்கே ஒரு மூங்கில் தடி. அவ்வளவுதான். 1968இல் மெக்சிக்கோவில் டிக் ஃபொஸ்பரி முதுகைக் கொடுத்துப் பாய்ந்து தங்கம் வென்றார். அதை எங்கள் மணலில் செய்து பார்த்தால் கழுத்துத்தான் போகும். ஆகவே காலிலோ பக்கவாட்டிலோ விழுகிற பழைய பாய்ச்சலையே சொல்லிக் கொடுத்தேன்.

அந்தப் பழைய பாய்ச்சல் காலத்து ஆள்தான் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934இல் பிறந்தவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவன். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போகும்போது பதினெட்டு வயதுகூட நிறையவில்லை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கோ நடுவில் இருக்கிற அமெரிக்கப் படிப்புக் காலம்தான் பெரிதாகப் படுகிறது.

லொஸ் ஏஞ்சலிசில் யூசிஎல்ஏ என்று சொல்லப்படும் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் அணிக்காகப் பாய்ந்தவர் அவர். அமெரிக்கக் கல்லூரி என்றால் ராசா, அமெரிக்கக் கால்பந்தில் பந்தைப் பிடித்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பாக்தான். எங்களுக்கு 1904 முதல் நடக்கும் மத்திய கல்லூரி – பரி யோவான் துடுப்பாட்டத்தில் அணித்தலைவனுக்குக் கிடைக்கிற கொண்டாட்டத்தைப் பல மடங்காக்கிப் பாருங்கள். ஆனால் யூசிஎல்ஏயில் ஓடுகிற, பாய்கிற பிள்ளைகளும் தேடுவாரற்றுக் கிடக்கவில்லை. பயிற்றுநர் டக்கி டிரேக் 1956இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் பட்டத்தை அங்கே கொண்டுவந்தார். பின்னர் ரோம் ஒலிம்பிக்கில் பத்து அம்சப் போட்டியில் தங்கம் வென்ற ரேஃபர் ஜோன்சனும் அவர் வளர்த்த ஆள். அதே லொஸ் ஏஞ்சலிசில்தான் 1956 யூனில் சார்ள்ஸ் டூமாஸ் ஏழடியைத் தாண்டிய முதல் மனிதன் ஆனார். பக்கத்தில் இப்படி ஒருவன் பாய்கிறபோது ஆறடி எட்டு அங்குலம் எட்டாத உயரமாகத் தெரியாது. திறமை இங்கேயும் இருந்தது. அந்த அக்கம்பக்கம் இங்கே இல்லை.

டோக்கியோ விழா 1958 மே 24இல் தொடங்கி யூன் 1இல் முடிந்தது. அந்த வாரம் இலங்கையில் என்ன நடந்தது என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். தெற்கில் தமிழரை அடித்தும் எரித்தும் கலவரம். மே 27இல் அவசரகாலச் சட்டம். கொழும்பிலிருந்து சனத்தைக் கப்பல் ஏற்றி வடக்குக்கு அனுப்பினார்கள். அகதிகள் பெட்டி படுக்கையும் இல்லாமல் வந்து இறங்கிய நாட்களில்தான் ஒரு தமிழ்ப் பெடியன் அதே நாட்டின் கொடியை மேலே ஏற்றினான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எந்தக் குரலில் சொல்வது என்று எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. பெருமையாகத் தொடங்கினால் பாதியில் தொண்டை அடைக்கும்.

நான்கு வருடம் கழித்து ஜகார்த்தாவில் அவருக்கு வெள்ளி. பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், ஆபிரிக்காவில் ஆசிரியப் பணி. 2024இல் அமெரிக்காவில் காலமானார்.

சாவகச்சேரி இந்துக் கல்லூரிப் பிள்ளைகள் இப்போது கோலூன்றிப் பாய்தலில் அகில இலங்கை மட்டத்தில் பேர் வாங்குகிறார்கள். மெத்தை வந்துவிட்டது, வளைகிற கோலும் வந்துவிட்டது. உயரம் பாய்தலில் மட்டும், முதுகைக் கொடுத்தாவது 2.03ஐத் தாண்டுகிற எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனை நான் இன்னும் கண்ணால் காணவில்லை.