கோப்பக அழிவும் மீட்பும் (பாஸ் லினக்ஸ்)

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன் டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பல குடும்பங்களுக்கு அந்த மடிக்கணினியே முதல் கணினி. நிர்வாகி உரிமையோடு தவறுதலாக இட்ட ஓர் 'ஆர்எம்' கட்டளை அமைப்புக் கோப்பகத்தை அழித்துவிட்டால், எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவதே வழி என்பார்கள். அது சரியன்று; எது அழிந்தது என்பதே முதல் கேள்வி. 'யூஎஸ்ஆர்' கோப்பகத்தில் உள்ளவை பெரும்பாலும் மென்பொருள் பொதிகளிலிருந்து வந்தவை. பென் டிரைவ் லினக்ஸால் கணினியை இயக்கி, அதே பதிப்பின் பொதிகளை மீண்டும் இட்டால் அவை திரும்பிவிடும். 'இடிசி' கோப்பகம் அப்படியல்ல. அதில் உள்ள பயனர் கணக்குகளும் பிணைய அமைவுகளும் அந்தக் கணினிக்கே உரியவை. பொதியை மறுபடி நிறுவினாலும், காணாமற்போன அமைவுக் கோப்பைப் பயனரே விரும்பி நீக்கியதாகக் கொண்டு, பொதிகளை நிறுவும் நிரலான டிபிகேஜி அதைத் தொடாது. 'ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்' என்று சேர்த்துச் சொன்னால்தான் மூலக் கோப்பு வரும். நிறுவிய பொதிகளின் பட்டியலே அழிந்திருந்தால், 'வார்' கோப்பகத்தின் 'பேக்கப்ஸ்' பகுதியில் டெபியன் வைத்திருக்கும் பிரதி கைகொடுக்கும்.

புதிதாக நிறுவுவது விரைவானது என்பது மெய்தான். ஆனால் பயனரின் கோப்புகள் இருக்கும் 'ஹோம்' வட்டின் தனிப் பகுதியில் இல்லாவிட்டால், வட்டை ஃபார்மேட் செய்யும்போது மாணவரின் பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் சேர்ந்தே போகும். அவற்றை முதலில் பிரதியெடுப்பது கட்டாயம். கணினியை அணைப்பதற்கு முன், இயங்கும் நிரல்கள் திறந்து வைத்திருக்கும் அழிந்த கோப்புகளை 'ப்ராக்' கோப்பகத்தின் வழியே எடுத்துவிடவும் முடியும்.