வீடும் வேலையும் பள்ளியும்: பெடாஸ் தோட்டக்குடிகளின் இடத்தேர்வு வரலாறு

புகார் நகரின் அமைப்பைச் சிலப்பதிகாரத்தில் பயின்றோர், அந்நகர் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக இருந்ததையும் அவற்றிற்கிடையே நாளங்காடி கூடியதையும் நன்கறிவர். மீன் விற்போரும் உப்பு விற்போரும் நெய்வோரும் தச்சரும் தத்தம் தொழில் நிகழும் இடத்திலேயே குடியிருந்தனர். வேலைக்குப் போய்வரும் தொலைவு அவர்கட்கு ஒரு பொருட்டன்று. அத்தொலைவைக் காசாகக் கணக்கிடும் நிலை இருப்புப்பாதை வந்த பிறகே தோன்றியது. இங்கிலாந்தில் 1883ஆம் ஆண்டு, தொழிலாளர்க்குக் குறைந்த கட்டணத்தில் இரயில் விடவேண்டும் எனச் சட்டம் செய்தனர். இலண்டன் தொழிலாளி புறநகரில் குறைந்த வாடகைக்கு வீடு பிடித்து, மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை இரயிலுக்குக் கொடுத்தான். வில்லியம் அலான்சோ என்னும் அமெரிக்க அறிஞர் 1964இல் வெளியிட்ட நூலில் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குக் கணித வடிவம் தந்தார். நகர நடுவை விட்டு விலக விலக நிலத்தின் விலை இறங்கும், பயணச் செலவு ஏறும். இரண்டையும் சீர்தூக்கிக் குடும்பம் தன் இடத்தைக் காணும் என்பது அவர் கருத்து. அவர் கணக்கில் பள்ளிக்கு இடமில்லை. நம் தோட்டமக்கள் வரலாற்றையோ பள்ளியை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது.

நெகிரி செம்பிலானில் ரெம்பாவ் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் பெடாஸ். மலாய் மொழியில் அப்பெயருக்குக் காரம் என்பது பொருள். ஊரில் வெந்நீர் ஊற்றும் உண்டு. ஊரைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் எழுந்த காலத்தில், அங்கு வந்து சேர்ந்த தமிழர் எவரும் தாம் குடியிருக்கும் இடத்தைத் தேர்ந்துகொண்டவரல்லர். கங்காணி அழைத்து வந்தார். பெரிய கிராணி பெயர் பதிந்து லயத்தில் ஒரு காம்பரா காட்டினார். வேலை, வீடு, பள்ளி ஆகிய மூன்றும் தோட்ட நிருவாகத்தின் ஒரே கையில் இருந்தன.

லயத்தை எங்கே கட்டுவது என்பதிலும் நிருவாகத்தின் கணக்கே முதன்மையானது. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் வந்து நிற்கவேண்டும்; வெயில் ஏறுமுன் பால்வெட்டு முடியவேண்டும். ஆகவே லயம் பெரட்டுக் களத்தை ஒட்டியே இருந்தது. இக்கணக்கை ஓரளவு மாற்றியது மலேரியாக் காய்ச்சல். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், எவ்வகைக் கொசு எவ்வகை நீர்நிலையில் பெருகுகிறது என்று ஆராய்ந்தார். காடு வெட்டிய மலைச்சரிவுகளில் வெயில் படும் ஓடைகளே கேடு விளைப்பன என்று அவர் காட்டிய பின்னர், அவ்வோடைகளை விட்டு விலகிக் குடியிருப்பு அமைப்பது அறிவுடைமை என்று துரைமார் உணர்ந்தனர். குடியிருப்பைத் தவறான இடத்தில் வைத்ததன் விலை அக்காலத்தில் உயிர்களால் செலுத்தப்பட்டது.

லயத்துக்கு வாடகை இல்லை. இதைப் பெருமையாகப் பேசும் முதியோர் இன்றும் உளர். அது முழு உண்மையன்று என்பது என் கருத்து. கூலியை உயர்த்தக் கேட்டபோதெல்லாம் வீடும் விறகும் தண்ணீரும் இலவசம் என்ற விடை நிருவாகத்திடம் ஆயத்தமாக இருந்தது. மாதந்தோறும் கையில் வாங்காத கூலியே வாடகையாகக் கழிந்தது என்று கொள்வதில் பிழையில்லை. அதனினும் பெரிய விலை வேறொன்று. வேலை போன அன்றே வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். பால் மரத்தையே நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு ஒரே நாளில் மூன்று வேரும் அறுந்தன.

பள்ளி எவ்வாறு தோட்டத்துக்கு வந்தது என்பதையும் நோக்கவேண்டும். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள், அதாவது 7 முதல் 14 வயதுக்குட்பட்டோர், 10 பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயக்கொட்டகையில் கைக்குழந்தையும், பள்ளிக் கொட்டகையில் மூத்த பிள்ளையும் இருந்தால் தாய் தடையின்றி நிரைக்குப் போகலாம். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் சொன்ன பள்ளிகள் பல. எனினும் அந்தக் கொட்டகைகளில்தான் தமிழ் எழுத்து இந்நாட்டில் வேரூன்றியது என்பதை எவர் மறுக்கமுடியும்? நோக்கம் எதுவாயினும் பயன் நமக்கு வந்தது.

பள்ளியை முன்னிட்டு இடம் தேர்ந்தவர் அக்காலத்திலும் இருந்தனர். அவர்கள் தோட்டத்துக் கிராணிமார். ஆங்கிலப் பள்ளி நகரத்திலேயே இருந்தது. சிரம்பானில் செயின்ட் பால் பள்ளி 1899இலேயே தோன்றிவிட்டது. மாதச் சம்பளம் வாங்கிய கிராணி தம் மகனைச் சிரம்பானில் உறவினர் வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்; சிலர் மனைவியையும் பிள்ளைகளையும் நகரில் குடிவைத்துத் தாம் மட்டும் தோட்டத்தில் தங்கினர். வாடகை கூடினாலும் பள்ளியின் பக்கத்தில் இருப்பதே மேல் என்ற முடிவு அது. அம்முடிவெடுக்கும் வசதி பால்வெட்டுக்காரனுக்கு இல்லாதிருந்தது ஒன்றே வேற்றுமை. இரு வீட்டுப் பிள்ளைகளின் பிற்கால நிலையையும் ஒப்பிட்டால் அவ்வேற்றுமையின் அளவு விளங்கும்.

அவசரகாலம் 1948இல் தொடங்கியது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரச் சீனக் குடியிருப்பினர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டது பலரும் அறிந்த செய்தி. தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் கூட்டப்பட்டு முள்வேலி இடப்பட்டதை நம் வரலாற்று நூல்களில் போதிய அளவு காணோம். சிதறிக்கிடந்த பிரிவுகளின் லயங்கள் ஒன்றுசேர்ந்தபோது வேலைக்காட்டுக்கு நடக்கும் தூரம் கூடியது; பள்ளிக்கு நடக்கும் தூரம் குறைந்தது. அதுவும் மக்கள் தேர்ந்ததன்று.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், பிரிட்டிஷ் கும்பினிகள் தோட்டங்களைக் கைமாற்றத் தலைப்பட்டன. வாங்கியவர்கள் துண்டுதுண்டாக விற்றனர். துண்டான தோட்டத்தில் லயமும் இல்லை, பள்ளியும் இல்லை. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து 1962இல் வெளியிட்டார். அதற்கு மாற்றாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் பங்குப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார்.

வெளியேறியவர் எங்கே போவது? இங்கேதான் பெடாஸின் நிலை பிற இடங்களினின்று வேறுபடுகிறது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டலாமே என்று புதியவர் கேட்பர். ரெம்பாவ் மாவட்டத்தின் கிராம நிலத்தில் பெரும்பகுதி பெர்ப்பாத்தே வழக்கத்துக்கு உட்பட்டது. அந்நிலம் தாய்வழியாக மகளுக்குச் செல்லும். பழைய சேரநாட்டு மருமக்கள்தாயத்தை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. 1909ஆம் ஆண்டு வழக்குரிமை நிலச் சட்டம் அதைப் பதிவில் காத்தது. 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் அதன்மேல் வந்தது. அந்நிலம் அவர்களின் குலச்சொத்து. அதைக் காத்துக்கொண்டமை அவர்கட்குச் சிறப்பு. ஆயின் தோட்டத்தை விட்ட தமிழ்க் குடும்பத்துக்கு, மூன்று தலைமுறையாகப் பார்த்துப் பழகிய மண்ணில் அடுத்த வீடு என்பது இல்லாது போயிற்று. ஒன்று கடைத்தெருவை ஒட்டிய சிறு தாமான், இல்லையேல் சிரம்பான். நடுவில் வேறு வழி குறைவு.

1970களில் செனவாங்கில் தொழிற்சாலைகள் எழுந்ததும் ஓர் இடைக்கால ஏற்பாடு தானாக அமைந்தது. தந்தை தோட்டத்தில் வேலை பார்ப்பார். ஆதலின் லயம் நிலைத்தது. மகளும் மகனும் தொழிற்சாலைக்குப் போவர். அவர்களை ஏற்றிச் செல்லத் தொழிற்சாலைப் பேருந்து சடக்கு முனைக்கே வந்தது. தம்பியும் தங்கையும் தோட்டப் பள்ளிக்கு நடந்தே போயினர். வாடகை தோட்டத்தின் தலையில், பயணச் செலவு தொழிற்சாலையின் தலையில். அலான்சோவின் கணிதத்துக்கு அகப்படாத ஏற்பாடு இது! நம் குடும்பங்கள் சிறிது காசு சேர்த்ததும், பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்பியதும் பெரிதும் இந்த ஆண்டுகளில்தான். ஆயினும் அந்தக் கட்டடம் முழுவதும் தந்தையின் வேலை என்ற ஒற்றைத் தூணில் நின்றது. இரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது ஆள் தேவை குறைந்தது. தந்தை ஓய்வு பெற்ற அன்று, அல்லது தோட்டம் வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்ட அன்று தூண் சாய்ந்தது.

விலையைப் பார்ப்போம். மலிவு வீட்டின் விலை 25,000 ரிங்கிட்டுக்கு மேற்படலாகாது என்று 1982இல் அரசாங்கம் வரையறுத்தது. 1998இல் இடத்துக்கேற்ப 25,000 முதல் 42,000 வரை என்று மாற்றியது. தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தது மாதம் 350 ரிங்கிட் என்ற ஒப்பந்தம் 2003இல்தான் கைகூடியது. உண்ணாமல் உடுக்காமல் முழுச் சம்பளத்தையும் கட்டினாலும் 25,000 ரிங்கிட்டுக்கு 71 மாதத்துக்கு மேல் வேண்டும். தந்தையின் சேமநிதியும் பிள்ளைகளின் தொழிற்சாலைச் சம்பளமும் சேர்ந்தே நம்மவர் வீடு வாங்கினர். வாங்கிய இடங்களுள் ஒன்றான சிரம்பான் 2 நகரே ஒரு காலத்தில் தோட்ட நிலம். தாத்தா கூலிக்குக் காத்த மண்ணைப் பேரன் முப்பதாண்டுக் கடனில் வாங்குகிறான்.

வீடு நகர்ந்தது, வேலையும் நகர்ந்தது, பள்ளி நகரவில்லை. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. எஞ்சியவற்றுள் பல இன்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி, ஆளில்லாத லயங்களுக்கு நடுவே நிற்கின்றன. நிலம் தோட்டத்தாருடையது, இடம் மாற வேண்டுமாயின் புது நிலமும் அமைச்சின் ஒப்புதலும் கட்டடப் பணமும் ஒருங்கே கூடிவர வேண்டும். அதற்குள் ஒரு தலைமுறை படித்து முடித்துவிடும். 150க்குக் குறைந்த மாணவர் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசாங்கம் வகைப்படுத்துகிறது. மிகச் சிறிய பள்ளிகளில் இரு வகுப்பை ஒன்றாக்கி ஓர் ஆசிரியரே கற்பிப்பதும் உண்டு. காலை நேரத்தில் தோட்டச் சடக்கில் நிற்பவர்க்கு ஒரு விந்தையான காட்சி கிடைக்கும். பெரியவர்கள் மோட்டார் சைக்கிளில் நகரை நோக்கிப் போவர். பிள்ளைகளோ வேனில் நகரிலிருந்து தோட்டத்துக்கு வருவர்.

தலைமையாசிரியன் என்ற முறையில் இதை நாள்தோறும் காண்கிறேன். வீடு மாற்றுமுன் என்னிடம் வரும் பெற்றோர் வாடகையை வெள்ளி சென் பிசகாமல் சொல்வர். வேலைக்குப் போகும் பெட்ரோல் செலவையும் சொல்வர். பிள்ளை எத்தனை மணிக்கு எழவேண்டும் என்று கேட்டால் தயங்குவர். காரணம் எளிது. வாடகை மாதந்தோறும் கேட்கப்படும் கடன். வேலைத்தொலைவு பெரியவரின் உடலுக்குத் தெரியும். பள்ளித்தொலைவைச் செலுத்துவது ஏழு வயதுப் பிள்ளை. அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. நான் அதை ஏட்டில் ஏற்றிக் காட்டுவதுண்டு. போக முக்கால் மணி, வர முக்கால் மணி. பள்ளி நாள் 190 எனக் கொண்டால் ஆண்டுக்கு 285 மணி. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளாக இதை மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 52 நாள். பிள்ளை வேனில் உறங்கியே கழிக்கும் நாள்கள் இவை. வேன் கட்டணம் இதில் சேரவில்லை.

ஆதலின் தமிழ்ப்பள்ளியை விட்டுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வோரும் உளர். அவர்களுக்கு என் விடை, பள்ளியை முதலில் குறித்துக்கொண்டு அதைச் சுற்றி வீட்டைத் தேடுங்கள் என்பதே. வேலைத்தொலைவுக்கு இப்போது மாற்று வழிகள் வந்துள்ளன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பெடாஸ் லிங்கி நுழைவாயில் அதில் உண்டு. சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 1995இல் தொடங்கிய கொமுட்டர் இரயில் 2015இல் ரெம்பாவ் வரை நீண்டது. பெடாஸிலோ செம்போங்கிலோ ரெம்பாவிலோ உள்ள சிறு தாமானில் குறைந்த விலைக்கு வீடு கொண்டு, பெரியவர் ஒருவர் சிரம்பானுக்குப் போய்வருவது இன்று நடக்கக்கூடியது. சிரம்பானில் வீடு வேண்டுமெனின் லோபாக் தமிழ்ப்பள்ளி போன்ற நகரப் பள்ளிகளின் பக்கத்தில் பார்க்கலாம், வாடகை கூடும். பழைய கிராணிமார் விரும்பிக் கொடுத்த விலைதான் அது. இரண்டும் இன்றி, வீடு மலிவு என்ற ஒன்றையே கண்டு எவ்வகைத் தமிழ்ப்பள்ளியும் அணுகாத புதிய வீடமைப்புப் பகுதிக்குப் போவோரைப் பற்றியே எனக்குக் கவலை. முதலாண்டு வேனில் அனுப்புவர். இரண்டாம் ஆண்டு தயங்குவர். இளைய பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிடுவர். என் பதிவேட்டில் அண்ணன் பெயர் இருக்கும், தம்பி பெயர் இராது.

முன்பணம் கட்டுமுன் ஒரு பள்ளி நாளில் விடியற்காலை ஆறு மணிக்கு அப்புதிய வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை வந்து பாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்லி வருகிறேன். சென்ற ஆண்டு மூன்று குடும்பங்கள் அவ்வாறு வந்து பார்த்தன. அவற்றுள் இரண்டு செம்போங்கில் வீடு பிடித்தன.