ருமேனிய வரலாற்றுத் திரைப்படங்கள்

ருமேனியாவின் கடந்தகாலத்தைக் கதைப்பொருளாகக் கொண்டு அந்நாட்டில் எடுக்கப்பட்ட படங்கள் இந்த வகையில் அடங்கும். ரோமானியரை எதிர்த்த தாசிய மன்னர்கள், ஒட்டோமான் துருக்கியரோடு மோதிய இடைக்காலச் சிற்றரசர்கள், 1907 உழவர் கிளர்ச்சி, இரண்டு உலகப் போர்கள், 1989 டிசம்பர் புரட்சி ஆகியவை இவற்றில் திரும்பத் திரும்ப வரும் காலங்கள். நாட்டின் முதல் முழுநீளப் படமே ஒரு போர்ப்படம்தான். அன்று தொடங்கி இந்தப் படங்கள் அனைத்தின் பின்னாலும் ஒரு கேள்வி இருந்துகொண்டே வருகிறது: திரையில் திரண்டு நிற்கும் கூட்டத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்?

1912இல் அதற்கு விடை, மன்னர். 'ருமேனியாவின் விடுதலை' என்ற அந்த ஊமைப்படம் 1877-78 போரைச் சொல்கிறது. துருக்கியரிடமிருந்து பிளெவ்னா கோட்டையைப் பிடிக்கப் போன படைக்குத் தலைமை தாங்கியவர் கரோல். அவரே 35 ஆண்டுகள் கழித்து அரியணையில் இருந்தபடி இந்தப் படத்துக்குத் தம் படைவீரர்களைக் கொடுத்து உதவினார். பணம் போட்டவர் லியோன் பொப்பெஸ்கு என்ற செல்வந்தர். நடித்தவர்கள் தேசிய நாடக அரங்கக் கலைஞர்கள். மேடையில் புகழ்பெற்ற நொத்தாரா, தோற்றுச் சரணடையும் ஒஸ்மான் பாஷாவாக வந்தார். அரிஸ்தீதே தெமெத்ரியாதே, கரோலாகவே நடித்தார். தான் போரிட்ட போரைத் திரையில் வேறொருவர் நடத்துவதைக் காணும் வாய்ப்பு உலகில் அதிக மன்னர்களுக்குக் கிடைத்திருக்காது. இளைஞர் கிரிகோரே பிரெசெயானுதான் இயக்குநர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. பிற்கால ஆய்வுகள் அந்த இடத்தைத் தெமெத்ரியாதேவுக்குக் கொடுக்கின்றன. இரண்டு மணி நேரப் படத்தில் ஒரு பகுதி அழிந்துவிட்டது. எஞ்சிய சுருள்களில் நடிகர்களின் கைகால் அசைவு மேடைக்குரியது. ஆனால் வயல்வெளியில் வரிசை கலைந்து ஓடும் வீரர்கள் நடிக்கப் பழகாதவர்கள், அவர்கள் ஓடுவது மெய்யாகவே ஓடுவதுபோல் இருக்கிறது. படம் எடுக்கப்பட்ட கதையை நயே கரன்ஃபில் பிற்பாடு 'மிச்சமெல்லாம் மௌனம்' என்று தனிப்படமாகவே எடுத்தார்.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இந்த வகையில் சொல்லும்படியாகப் பெரிதாக எதுவும் வளரவில்லை. 1948இல் திரைத்துறை அரசுடைமையானது. 1950களில் புகாரெஸ்டு அருகே புஃப்தெயாவில் பெரிய படப்பிடிப்பு வளாகம் எழுந்தது. 1821 எழுச்சியின் தலைவரைப் பற்றிய 'துதோர்' (1963) அங்கிருந்து வந்த பெரிய வரலாற்றுப் படங்களில் முன்னோடி. இயக்கம் லூசியன் பிராத்து, தலைப்பு வேடத்தில் எமனோயில் பெத்ரூட்ஸ்.

இரண்டே ஆண்டுகளில், இந்த வகைக்கே உச்சமான படம் வந்தது. லிவியு ச்சுலேய் இயக்கிய 'தூக்கிலிடப்பட்டோர் காடு' (1965), லிவியு ரெப்ரெயானுவின் நாவலிலிருந்து உருவானது. நாவலுக்குப் பின்னால் எழுத்தாளரின் சொந்தத் துயரம் இருந்தது. அவருடைய தம்பி எமில், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் அதிகாரியாக இருந்து, எதிர்ப்பக்கம் போக முயன்றதற்காக 1917இல் தூக்கிலிடப்பட்டார். டிரான்சில்வேனியா அப்போது ஹங்கேரியின் பகுதி. எல்லைக்கு அப்பால் இருந்த ருமேனியா 1916இல் போரில் இறங்கியதும், டிரான்சில்வேனியாவிலிருந்து ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சேர்ந்திருந்த ருமேனியர்கள் சொந்த மொழி பேசுவோரைச் சுட வேண்டிய நிலை வந்தது.

படத்தில் விக்டர் ரெபெஞ்ஜியுக் நடித்த அப்போஸ்தொல் பொலோகா, தப்பியோட முயன்ற செக் அதிகாரி ஒருவருக்கு மரணதண்டனை விதித்த நீதிமன்றத்தில் ஒரு உறுப்பினர். தூக்குமேடை தயாராகும் இடத்தில், கடமை தவறாத மனிதராக அவர் உலவுகிறார். பிறகு எதிரியின் தேடுவிளக்கு வருகிறது. இரவில் அதன் வெளிச்சம் பதுங்குகுழிகளைத் துழாவும்போது வீரர்களின் முகங்கள் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துப்போகின்றன. அந்த விளக்கை உடைத்துப் பாராட்டுப் பெறும் பொலோகாவுக்கே அதன்பின் இருட்டு பழகவில்லை. கடைசியில் ருமேனிய உழவர்களுக்குத் தண்டனை விதிக்கும் வேலை தன் மீது விழும்போது நடையைக் கட்டுகிறார், பிடிபடுகிறார். சாவதற்கு முன் அவர் காதலித்த ஹங்கேரியப் பெண் இலோனா உணவு கொண்டுவந்து பரிமாறும் காட்சியில் வசனத்துக்கு வேலையே இல்லை. 1965 கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது ச்சுலேய்க்குக் கிடைத்தது. இந்த வகையில் ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். மறு ஆண்டு அதே எழுத்தாளரின் 1907 கிளர்ச்சி நாவலிலிருந்து மிர்ச்சா முரேஷான் எடுத்த 'எழுச்சி', கானில் சிறந்த முதல் படத்துக்கான விருது பெற்றது.

ஆனால் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது வேறு வகைப் படங்களை. தினு கோச்சா 1966இல் தொடங்கிய 'ஹைதுக்குகள்' வரிசையில், செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் காட்டுக் கொள்ளையர்கள் குதிரையேறி வந்தார்கள். 1967இல் 'தாசியர்கள்' வெளியானது. பிரெஞ்சுக்காரரோடு கூட்டுத் தயாரிப்பான இந்தப் படத்தில் பியேர் பிரீஸும் மரி-ஜோஸே நாவும் நடித்தார்கள். தாசிய மன்னர் தெசெபாலாக வந்தவர் அம்சா பெல்லியா. இயக்கியவர் செர்ஜியு நிகோலாயெஸ்கு, பொறியியல் படித்துவிட்டுத் திரைக்கு வந்தவர். மறு ஆண்டு மிர்ச்சா திராகன், டிராஜன் பேரரசர் தாசியாவை வென்றதைச் சொல்லும் 'தூண்' படத்தை மேற்கு ஜெர்மானியரோடு சேர்ந்து எடுத்தார். ரோமில் இன்றும் நிற்கும் டிராஜன் தூணின் சிற்பங்களிலிருந்து பிறந்த தலைப்பு அது. தோற்ற தாசியரும் வென்ற ரோமானியரும் சேர்ந்தே ருமேனியர் ஆனார்கள் என்பது அன்று பள்ளிப் பாடம். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு அந்தப் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படைகள் நுழைந்தபோது, ருமேனியாவின் கம்யூனிஸ்ட் தலைவர் நிகொலாயே சௌஷெஸ்கு அதை வெளிப்படையாகக் கண்டித்தார். பெரிய பேரரசுக்கு அடிபணியாத சிறிய நாடு என்ற கதை அரசுக்கு அப்போது மிகவும் தேவைப்பட்டது. திரைக்கு அந்தக் கதையை முழு வலிமையோடு கொண்டுவந்த படம், நிகோலாயெஸ்குவின் 'வீரர் மிஹாய்' (1970-71). வலாக்கியா, டிரான்சில்வேனியா, மொல்தாவியா மூன்றையும் 1600இல் சிறிது காலம் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே கொலையுண்ட சிற்றரசரின் வாழ்க்கை அது. திரைக்கதை திதுஸ் பொப்போவிச். மிஹாயாக அம்சா பெல்லியா. ஹாலிவுட் நட்சத்திரங்களை நடிக்கவைக்க கொலம்பியா நிறுவனம் முன்வந்தது, மேலிடம் ருமேனிய நடிகர்கள்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது என்று நிகோலாயெஸ்கு சொல்லிவந்தார். அந்த முடிவு எந்த நோக்கத்தில் எடுக்கப்பட்டிருந்தாலும் படத்துக்கு நன்மையே செய்தது. பெல்லியாவின் கண்களில் உள்ள களைப்பை வெளிநாட்டு நட்சத்திரம் கொண்டுவந்திருக்க முடியாது.

இந்த முறை கூட்டத்தை அனுப்பியது கட்சி அரசு. ஆயிரக்கணக்கான படைவீரர்கள் வேலும் தலைப்பாகையும் மாட்டிக்கொண்டு துருக்கியராகவும் வலாக்கியராகவும் நின்றார்கள். 1595இல் சினான் பாஷாவின் பெரும்படையைச் சதுப்பு நிலத்தில் சிக்கவைத்த களுகரேனி போர்க் காட்சி, கணினி வரைகலை வருவதற்கு முந்தைய காலத்தின் பெரிய போர்க் காட்சிகளோடு ஒப்பிடத்தக்கது. புழுதியும் சேறும் உடல்களும் மெய்யானவை. சுமார் 2 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் 1.3 கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றன. இதே பெல்லியாதான் சில ஆண்டுகளில் 'நெயா மரின்' என்ற வெள்ளந்தி நாட்டுப்புறத்தானாகச் சிரிக்கவைத்து அதைவிட அதிகக் கூட்டம் சேர்த்தார். ஒரே முகத்தை மன்னராகவும் பக்கத்துவீட்டுக்காரராகவும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

1971 கோடையில் சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் போய்வந்த சௌஷெஸ்கு, பண்பாட்டுத் துறையின் மீது பிடியை இறுக்கினார். 'தேசியக் காவியம்' என்ற திட்டத்தின் கீழ், மன்னருக்கு ஒரு படம், ஆண்டுவிழாவுக்கு ஒரு படம் என்று வரிசைகட்டி வந்தன. 1475 வாஸ்லுய் போரின் ஐந்நூறாம் ஆண்டுக்குத் திராகனின் 'மாமன்னர் ஷ்தெஃபான்' (1975). விடுதலைப் போரின் நூற்றாண்டையொட்டி 'தாய்நாட்டுக்காக' (1978). மேலைநாட்டார் இரத்தக் காட்டேரியாக்கிய மனிதரை நீதி தவறாத ஆட்சியாளராக மீட்டெடுக்க 'விளாத் ட்ஸெபெஷ்' (1979). தாசிய அரசின் 2050ஆம் ஆண்டு என்று கொண்டாடி 'புரெபிஸ்தா' (1980). இவற்றில் மன்னர் வாய் திறந்தால் சொற்பொழிவு. அந்தப் பேச்சில் ஒற்றுமையும் இறையாண்மையும் வருமிடத்தில், மறுநாள் செய்தித்தாளில் படிக்கப்போகும் சௌஷெஸ்கு உரை முன்கூட்டியே கேட்கும். மால்வினா ஊர்ஷியானு இயக்கிய 'லபுஷ்நேயானுவின் திரும்பிவருகை' (1980) மட்டும் வேறு தொனியில் நிற்கிறது. இழந்த அரியணைக்குத் திரும்பி வரும் கொடிய ஆட்சியாளரை அவர் வீரராக்கவில்லை, அதிகாரத்தின் நோயாளியாகக் காட்டினார். உரிய கவனம் பெறாமல்போன படம் அது. ஆட்சி கவிழ்ந்த 1989இலேயே, நிகோலாயெஸ்கு தாமே மன்னராக நடித்த 'மிர்ச்சா' வந்தது, அந்த வரிசை அதோடு நின்றது.

1990களில் அரசுப் பணம் வற்றிப்போனது, படைவீரர்களும் கிடைக்கவில்லை. ஹிட்லரோடு கூட்டுச் சேர்ந்த மார்ஷல் அந்தோனெஸ்குவைப் பரிவோடு காட்டிய நிகோலாயெஸ்குவின் 'கண்ணாடி' (1994) கடும் விவாதத்தைக் கிளப்பியது. ஆடி அடங்கிய இந்த வகைக்குப் புதிய உயிர் கொடுத்தவர்கள், சிறு செலவில் படம் எடுத்த இளையவர்கள்.

வாஸ்லுய் நகரை எடுத்துக்கொள்ளலாம். 1975இல் அந்தப் பெயர் திரையில் மூடுபனியும் முரசும் நிறைந்த போர்க்களம். அதே 1975இல் அந்த ஊரில் பிறந்த கோர்னேலியு பொரும்போயு, 2006இல் எடுத்த 'நடந்ததா, நடக்கவில்லையா?' படத்தில் காட்டுவது ஒரு சிறிய தொலைக்காட்சி நிலையத்தை. நடத்துநர், குடிப்பழக்கம் உள்ள ஆசிரியர், கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடும் முதியவர் ஆகிய மூவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். 1989 டிசம்பர் 22 மதியம் 12:08க்கு சௌஷெஸ்கு தப்பியோடிய ஹெலிகாப்டர் தலைநகரிலிருந்து கிளம்பியது. அதற்கு முன் நம் ஊர்ச் சதுக்கத்தில் யாராவது இருந்தார்களா? இருந்திருந்தால் நம்மிடமும் புரட்சி நடந்தது. பிறகுதான் வந்தார்கள் என்றால் நடக்கவில்லை. ஆசிரியர் தான் இருந்ததாகச் சொல்ல, தொலைபேசியில் வருகிறவர்கள் ஒவ்வொருவராக மறுக்கிறார்கள். முதியவர் காகிதத்தை மடித்துக்கொண்டிருக்கிறார். கூட்டமே இல்லாத சதுக்கத்தைப் பற்றிய வரலாற்றுப் படம் இது. கானில் சிறந்த முதல் படத்துக்கான பொன் கேமரா விருது பெற்றது. கருக்கலைப்புக்கு 1966இல் வந்த தடையின் கொடுமையை இரண்டு மாணவிகள் வழியே சொன்ன கிறிஸ்தியான் முஞ்ஜியுவின் '4 மாதம், 3 வாரம், 2 நாள்' அடுத்த ஆண்டு கானின் உயரிய தங்கப் பனை விருதை வென்றது. ஆந்த்ரேய் உஜீகா 2010இல், பழைய அரசுப் படச்சுருள்களை மட்டும் கோத்து, பின்னணி வர்ணனை ஏதுமின்றி மூன்று மணி நேரத்தில் சௌஷெஸ்குவின் வாழ்க்கையை முன்வைத்தார்.

இடைக்காலப் பெருமைக்கு நேரடியாக மறுமொழி சொன்னவர் ராது ஜூதே. 'அஃபெரிம்!' (2015) 1835ஆம் ஆண்டு வலாக்கியாவில் நடக்கிறது. அங்கே ரோமா மக்கள் அப்போது அடிமைகள். அவர்களை மடங்களும் நிலப்பிரபுக்களும் அரசும் விலைக்கு வாங்கின, விற்றன. 1850களின் நடுவில்தான் அது ஒழிந்தது. தப்பி ஓடிய அடிமை கர்ஃபினைத் தேடி, காவலர் கோஸ்தாந்தின் தன் மகனோடு குதிரையில் போகிறார். கருப்பு வெள்ளையில் மலைச்சரிவும் காடும் கண்ணைக் கவரும், அவர் வாயிலிருந்து வரும் பழமொழிகளோ காதைச் சுடும். அந்த வசனங்களில் பலவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். அடிமையைப் பிடித்துவந்து ஒப்படைத்த பிறகு நடக்கும் கொடுமையைத் தடுக்க அவரால் முடியவில்லை, ஆனால் கூலியை வாங்கிக்கொள்கிறார். மிஹாய் காலப் பெரும்படங்களின் ஓரத்தில்கூட இடம் பெறாதவர்கள் இந்தப் படத்தின் நடுவில் நிற்கிறார்கள். பெர்லின் திரைப்பட விழாவில் ஜூதே சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக்கரடி விருதைப் பகிர்ந்துகொண்டார்.

2018இல் ஜூதே கூட்டத்தையே கதையாக்கினார். 'வரலாற்றில் காட்டுமிராண்டிகளாகப் பதிவானாலும் எனக்குக் கவலையில்லை' என்ற நீண்ட தலைப்பு, 1941இல் அமைச்சரவையில் பேசப்பட்ட சொற்களிலிருந்து வந்தது. அந்த ஆண்டு ஒடெசாவில் ருமேனியப் படை பல்லாயிரம் யூதர்களைக் கொன்றது. புகாரெஸ்டில் பழைய அரண்மனை முன்னிருக்கும் சதுக்கத்தில் அந்தப் படுகொலையை நிகழ்த்திக்காட்ட ஓர் இளம் பெண் இயக்குநர் ஆள் சேர்க்கிறார். ஆர்வலர்கள் சீருடை மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் ரஷ்யராக நடிக்க மறுக்கிறார்கள். அதிகாரி வந்து கனிவாகப் பேசி நிறுத்தப் பார்க்கிறார். நிகழ்ச்சி நடக்கும் இரவில், யூதர்களை அடைத்த கொட்டகை பற்றி எரியும்போது வேடிக்கை பார்க்கும் கூட்டம் கைதட்டுகிறது. கார்லோவி வாரி திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்ற படம் இது.

போக்தான் முரேஷானுவின் 'வராத புத்தாண்டு' (2024), வெனிஸ் விழாவின் 'ஒரிட்சோந்தி' பிரிவில் சிறந்த படமாகத் தேர்வானது. 1989 டிசம்பரின் இரண்டு நாள்களில் ஆறு பேருடைய கதைகள் பின்னிக்கொள்கின்றன. நாயகி வெளிநாட்டுக்கு ஓடிப்போனதால் அரசுத் தொலைக்காட்சியின் புத்தாண்டு நிகழ்ச்சியை அவசரமாக மறுபடி எடுக்கிறார்கள். ஒரு சிறுவன் தன் அப்பாவின் ஆசையைக் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதமாக எழுதித் தபாலில் போட்டுவிடுகிறான். 'நிகு மாமா' சாக வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. நிகு என்றால் நிகொலாயே என்று அப்பாவுக்கு விளங்கியதும் முகம் வெளிறிப்போகிறது. அதே அரண்மனைச் சதுக்கத்தில், கைதட்டுவதற்காக ஆலைகளிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர் கூட்டத்தில் படம் முடிகிறது. கதாபாத்திரங்களின் காட்சிகளும் 21ஆம் தேதியின் மெய்யான பதிவும் அங்கே ஒன்று கலக்கின்றன. மேல்மாடத்தில் சௌஷெஸ்கு பேசிக்கொண்டிருக்கிறார். கீழே எங்கோ ஓர் ஓலம் எழுகிறது, அவருடைய கை பாதியில் நிற்கிறது.